எல்லார்க்கும் எட்டும் நூலகம்



நூலைப் படிப்பதற்குக் கண் வேண்டும் என்பது நம் காலத்தில் வேரூன்றிவிட்ட எண்ணம். தமிழரின் கல்வி வரலாறோ வேறொன்றைக் கூறுகிறது. கல்விக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கெனவும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பார்வை இல்லாதவர். கேள்வியாலும் நினைவாற்றலாலும் பெரும்புலவராக விளங்கியவர். இரட்டைப்புலவர் என்று புகழ்பெற்ற இருவருள் ஒருவர்க்குக் கண் இல்லை. மற்றவர்க்கு நடக்க இயலாது. கண்ணில்லாதவர் தோளில் கால் இல்லாதவர் அமர்ந்து வழிகாட்ட, இருவரும் ஊர் ஊராகச் சென்று பாடினர் என்பது வழிவழியாக வரும் செய்தி.

பின்னர் அச்சு வந்தது. நூல்கள் பெருகின, விலை குறைந்தது, ஏழையின் வீட்டிலும் புத்தகம் புகுந்தது. ஆனால், உரக்கப் படிக்கும் வழக்கம் மெல்ல மறைந்தது. ஓலைச்சுவடிக் காலத்தில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். அச்சுக் காலத்தில் அவரவர் தனித்தனியே வாய் திறவாமல் படிக்கத் தொடங்கினர். அந்த அமைதியில் பார்வையிழந்தோர் புறத்தே விடப்பட்டனர். இன்று அச்சுநூல்கள் மின்னூல்களாக மாறி வருகின்றன. இம்மாற்றம் அவர்களுக்குக் கதவைத் திறந்திருக்கிறதா, அல்லது மீண்டும் ஒருமுறை மூடியிருக்கிறதா என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள்.

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் தமிழர்க்கு இப்பொருள் மிக நெருங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயிலுக்குச் செல்லும் பெருஞ்சாலையில், நெய்யாற்றின்கரையையும் அமரவிளையையும் கடந்தால், பாறசாலைக்கு முன்பாக உதியன்குளங்கரை என்னும் ஊர் உளது. பெயரைக் கேட்டவுடன் உதியஞ்சேரலாதன் என்னும் பழஞ்சேர மன்னனின் நினைவு வருதல் இயல்பு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. சாலையில் சிறிது தூரம் தெற்கே சென்றால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. எல்லைக்கு இப்பால் வாழும் நாங்கள் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசி வளர்ந்தவர்கள். பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் உங்கள் நிலைக்கும் எங்கள் நிலைக்கும் தொலைவில்தான் வேறுபாடு. தன்மையில் வேறுபாடு இல்லை.

கேரளத்துச் சிற்றூர்கள் நூலகங்களுக்குப் பெயர் பெற்றவை. 1945-ஆம் ஆண்டில் பி. என். பணிக்கர் தொடங்கிவைத்த நூலக இயக்கம் ஊர்தோறும் வாசகசாலைகளை வளர்த்தது. அங்கே மலையாள நூல்கள் மிகுதியாக இருப்பது இயல்பே. அதில் குறைகூற ஒன்றும் இல்லை. ஆனால், தமிழ் நூலை நாடும் ஒருவர் பெரும்பாலும் இணையத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அப்படி நாடுபவர் பார்வையிழந்தவராயின் என்ன நேர்கிறது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

பார்வையிழந்தோர் படிப்பதற்கு நெடுங்காலமாக உள்ள வழி பிரெயில் எழுத்து. ஆறு புள்ளிகளை மேடாக்கி, விரலால் தடவிப் படிக்கும் முறை அது. பிரெஞ்சு நாட்டு லூயி பிரெயில் 1829-ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டார். நம் தென்னாட்டில் பாளையங்கோட்டையில் 1890-ஆம் ஆண்டிலேயே பார்வையற்றோர்க்கான பள்ளி தோன்றியது. 1951-ஆம் ஆண்டில் இந்திய மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை ஏற்கப்பட்டது. இம்முறையின் அருமை பெரிது. எனினும், ஒரு சிறு நாவல் பிரெயிலில் பல பெருந்தொகுதிகளாக விரியும். தடித்த தாள் வேண்டும். வைப்பதற்கு இடம் வேண்டும். ஆகவே பிரெயிலில் வெளிவந்த தமிழ் நூல்கள், அச்சில் வெளிவந்தவற்றுள் மிகச் சிறிய பகுதியே ஆகும்.

இந்நிலையைக் கணிப்பொறி மாற்றியது. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில், பார்வையில்லாத இளைஞர் இருவரின் முயற்சியால் உருவாகத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் விலையின்றிக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. ஆண்டிராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்னும் வசதி முன்னமே அமைந்திருக்கிறது. அதே எழுத்தை, புள்ளிகள் எழுந்து தாழும் பிரெயில் பலகையில் விரலால் தடவிப் படிக்கவும் இயலும். பல தொகுதிகளாக விரிந்த நூல் இப்பொழுது சட்டைப்பையில் அடங்கிவிட்டது. இது சிறிய மாற்றம் அன்று.

இனி, நம் மின்னூலகங்களைப் பார்ப்போம். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார்; பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதியும் பிழைதிருத்தியும் தந்தனர். 2005-ஆம் ஆண்டில் ஈழத்து நூல்களைக் காக்கும் நூலகம் திட்டம் தோன்றியது. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட மக்களுக்கு, நூலைப் படியெடுத்துக் காப்பதன் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017-ஆம் ஆண்டில் பெரியதொரு மின்னூலகத்தைத் திறந்தது. அரிய நூல்களும் பழைய இதழ்களும் பல்லாயிரக்கணக்கில் அங்கே கிடைக்கின்றன. இவையெல்லாம் போற்றத்தக்க பணிகள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இவற்றிடையே ஒரு வேறுபாடு உண்டு. அது கண்ணுள்ளவர்க்கு எளிதில் புலப்படாது. மதுரைத் திட்டத்தின் நூல்கள் எழுத்தாகவே இருக்கின்றன. ஒவ்வோர் எழுத்தையும் கணிப்பொறி அறியும். ஆகையால் திரைவாசிப்பான் அவற்றைப் படித்துக் காட்டும். பெரிய மின்னூலகங்களில் உள்ள பழைய நூல்களோ பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். படத்தில் எழுத்து இருப்பது நம் கண்ணுக்குத் தெரியும், கணிப்பொறிக்குத் தெரியாது. அதற்கு அந்தப் பக்கமும் ஒரு மலையின் படமும் ஒன்றே.

உதியன்குளங்கரை போன்ற எல்லையூரில் பார்வையிழந்த பெரியவர் ஒருவர் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். மின்னூலகத்தின் அட்டவணை எழுத்தில் அமைந்தது. ஆகவே நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பித்த ஆண்டு ஆகியவற்றைக் கைப்பேசி தெளிவாகச் சொல்லுகிறது. தாம் தேடிய நூல் கிடைத்துவிட்டது என்று அவர் மகிழ்ந்து அதனைத் திறக்கிறார். அதன்பின் பேச்சில்லை. ‘படம்’ என்று ஒரு சொல் வரலாம். அல்லது அதுவும் வாராது. நூலின் பெயரைக் கேட்கலாம், நூலைக் கேட்க இயலாது என்னும் இந்நிலை, நூலே இல்லை என்பதினும் வருத்தம் தருவது.

படத்தை எழுத்தாக மாற்றும் பொறி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அதனை எழுத்துணரி என்பர். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. இராமகிருஷ்ணன் தலைமையில் தமிழுக்கு எழுத்துணரி ஒன்றை உருவாக்கினர். சென்னையில் அச்சுநூல்களைப் பிரெயிலாக்கும் பணிக்கு அது பயன்பட்டது. கூகுள் முதலிய நிறுவனங்களின் எழுத்துணரிகளும் இன்று தமிழைப் பெருமளவு அறிகின்றன. புதிய அச்சில் தெளிவாக உள்ள நூலை அவை நன்றாகவே படிக்கின்றன. இடர்ப்பாடு பழைய நூல்களில்தான்.

பழைய அச்சில் ‘ர’ என்னும் எழுத்துக்கும், ‘கா’ என்பதில் ககரத்தை அடுத்து நிற்கும் காலுக்கும் வடிவில் வேற்றுமை மிகச் சிறிது. பொறி தடுமாறினால் ‘மரம்’ என்பது ‘மாம்’ என்று ஆகும். ‘காலம்’ என்பது ‘கரலம்’ என்று ஆகும். தமிழ் எண்களிலும் இத்தகைய மயக்கம் உண்டு. ஒன்று என்னும் எண் ககரத்தைப் போன்றது. இரண்டு என்னும் எண் உகரத்தைப் போன்றது. ஏழு என்னும் எண் எகரத்தைப் போன்றது. பாட்டின் முன்னே நிற்கும் எண்ணைப் பாட்டின் முதலெழுத்தாக எடுத்துக்கொண்டால் பொருள் குலைந்துவிடும். மேலும், 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணா, றா, னா என்பனவும், ணை, லை, ளை, னை என்பனவும், இவற்றோடு ஒகர ஓகார வரிசையில் ஆறுமாக, பதின்மூன்று எழுத்துகள் புதுவடிவம் பெற்றன. அதற்கு முந்திய நூல்களிலெல்லாம் பழைய கொம்பும் சுழியுமே காணப்படும். புதுவடிவத்தை மட்டும் பயின்ற பொறி அங்கே வழிதவறுகிறது.

எழுத்து சரியாக அமைந்த பின்னரும் வேலை முடிவதில்லை. தமிழ் அச்சில் வரியின் ஈற்றில் சொல்லை முறித்து அடுத்த வரியில் தொடர்வது வழக்கம். முறிந்த சொல்லைச் சேர்க்காவிடில் திரைவாசிப்பான் அதனை இரண்டு துண்டாகச் சொல்லும். பக்கத்தின் தலைப்பும் எண்ணும் அடிக்குறிப்பும் வாக்கியத்தின் நடுவே புகுந்து பேசும். இதழ்களில் இரண்டு மூன்று பத்திகள் அருகருகே இருப்பதால், ஒரு கட்டுரையின் வரியோடு மற்றொரு கட்டுரையின் வரி கலந்துவிடும்.

கண்ணால் படிப்பவர் ‘மாம்’ என்று கண்டால், முன்பின் நோக்கி ‘மரம்’ என்று திருத்திக்கொண்டு மேலே செல்வார். ஐயமெழுந்தால் மூலப்பக்கத்தைப் பார்ப்பார். காதால் படிப்பவர்க்கு அந்த வசதி இல்லை. அவர் சரிபார்க்க வேண்டிய பக்கம் அவர் காணமுடியாத படமாகவே இருக்கிறது. ஆகவே பொறி செய்த வேலையைக் கண்ணுள்ள ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியே ஆகவேண்டும். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் முதலிய பெரியோர் செய்த பணியின் சிறிய தொடர்ச்சி இது. புலமை அவ்வளவு வேண்டா. பொறுமை மட்டும் அவ்வளவே வேண்டும்.

பார்வையிழந்தோரைப் பற்றியே இதுவரை பேசினோம். வேறு வகையாகப் படிப்பவர் பலர் உளர். பார்வை மங்கியவர்க்குப் பெரிய எழுத்து வேண்டும். படத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். எழுத்தாக இருந்தால் திரைக்குள் அடங்கி மடிந்து வரும். கைநடுக்கமோ முடக்கமோ உடையவர்க்குச் சுட்டியைப் பிடித்து இழுப்பது அரிது. விசைப்பலகையாலோ குரலாலோ பக்கம் புரட்ட இயலவேண்டும். எழுத்துகளைப் பிரித்தறிவதில் இடர்ப்படும் சிறுவர்க்கு, ஒலிக்கும் சொல் ஒளிபெற்றுக் காட்டும் நூல் உதவும். செவித்திறன் இழந்தோர்க்கோ நிலைமை நேர் எதிரானது. ஒலிப்பதிவாக மட்டும் இருக்கும் உரைகளும் நேர்காணல்களும் அவர்களுக்கு மூடிய கதவு. எழுத்துவடிவம் உடன் இருந்தாலன்றி அது திறவாது. பள்ளிப் பாடநூல்களை இந்தியச் சைகை மொழியில் ஆக்குவதற்கு 2020-ஆம் ஆண்டில் ஏற்பாடு செய்யப்பட்டது, எழுத்தும் போதாத நிலை உண்டு என்பதனால்தான். இவ்வுரை ஒலியாக வரும்போது காணாதார்க்கும், அச்சாக வரும்போது கேளாதார்க்கும் எட்டுகிறது. ஒரே பொருளை இரு வழியால் தருவது என்னும் இந்த எளிய கொள்கையே மின்னூலகத்துக்கும் வேண்டுவது.

இதற்குச் சட்டம் தடையாக நிற்கிறதா? இல்லை, துணையாகவே நிற்கிறது. 2012-ஆம் ஆண்டில் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அச்சைப் படிக்க இயலாதவர்க்காக நூலை ஏற்ற வடிவில் மாற்றுவது, ஆதாய நோக்கம் இல்லாதவிடத்து, உரிமை மீறல் ஆகாது என்று அத்திருத்தம் கூறுகிறது. 2013-ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டு மராக்கெஷ் நகரில் உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. அத்தகைய நூல்களை நாடுவிட்டு நாடு அனுப்பவும் அது வழிவகுத்தது. அதனை 2014-ஆம் ஆண்டில் முதன்முதலாக உறுதிசெய்த நாடு இந்தியா. சிங்கப்பூரும் இலங்கையும் பின்னர் அதில் சேர்ந்தன. ஆகவே தமிழ் வழங்கும் நாடுகளுக்கிடையே இவ்வகை நூல்கள் சென்றுவர வழி பிறந்துள்ளது. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நடுவண் அரசு சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கியது. அச்சைப் படிக்க இயலாதவர்கள் அதில் பதிவுசெய்துகொண்டு, இந்திய மொழி நூல்களை ஏற்ற வடிவில் பெறலாம். அதே ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், ஒலியாலும் அச்சாலும் மின்வழியாலும் வெளியிடப்படுவன அவர்களுக்கு எட்டும் வடிவில் இருக்கவேண்டும் என்று விதிக்கிறது. மின்வழிச் சேவைகள் எட்டுதல் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

தமிழர்க்கு மற்றுமொரு வாய்ப்பு உண்டு. பாரதியார் பாடல்கள் 1949-ஆம் ஆண்டில் மக்கள் உடைமையாகும் வழி பிறந்தது. அதன் பின்னர் அறிஞர் பலரின் நூல்களைத் தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அவற்றை எவரும் எடுத்து எழுத்தாக்கலாம், ஒலியாக்கலாம், யாரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. சட்டம் திறந்திருக்கிறது, பொறி இருக்கிறது, நூலும் இருக்கிறது. இல்லாதது ஒப்புநோக்கும் கண்கள்.

இங்கேதான் பிற மாநிலங்களில் வாழும் உங்களை நாம் கருதுகிறோம். மதுரைத் திட்டத்தை வளர்த்தவருள் பலர் தாய்நாட்டை விட்டு நெடுந்தொலைவில் வாழ்ந்தவர்கள் என்பதை நினைவு கூர்க. நூலைவிட்டுப் பிரிந்தவர்க்கே நூலின் அருமை மிகுதியாகப் புலப்படும் போலும். பெங்களூரிலும் தில்லியிலும் தமிழ்ச் சங்கங்கள் நூலகம் நடத்தி வருகின்றன. வேறு ஊர்களிலும் சங்கங்கள் பல உள. ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக்கு ஒரு நாட்டுடைமை நூலை எடுத்துக்கொள்ளட்டும். உறுப்பினர் ஒருவர்க்குப் பத்துப் பக்கம் என்று பகிர்ந்தால், இருநூறு பக்கமுள்ள நூலுக்கு இருபதுபேர் போதும். எழுத்துணரி தந்ததைப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துக. ஒருவர் திருத்தியதை மற்றொருவர் படித்துப் பார்க்க. அதன்பின் பார்வையில்லாத வாசகர் ஒருவரிடம் கொடுத்து, திரைவாசிப்பானால் கேட்கச் செய்க. அவர் தடுக்கி நின்ற இடங்களே நூலில் எஞ்சிய பிழைகள். அவரைப் பயன் பெறுபவராக மட்டும் எண்ணாமல், இறுதியாகப் பிழைதிருத்தும் ஆசிரியராகவே கொள்ளுதல் முறை.

எழுத்து ஒருங்குறியில் அமைவது இன்றியமையாதது. முற்காலத்து எழுத்துருக்கள் சிலவற்றில் உருவாக்கிய நூல், பார்ப்பதற்குத் தமிழாக இருக்கும். திரைவாசிப்பானோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளை உச்சரிக்கும். அதிகாரத் தலைப்புகளைத் தலைப்பாகவே குறித்தால், கேட்பவர் வேண்டிய அதிகாரத்திற்குத் தாவிச் செல்லலாம். இல்லையேல் ஐந்நூறு பக்கத்தையும் முதலிலிருந்து கேட்க நேரும். படம் வருமிடத்தில் அது என்ன படம் என்று இரண்டு வரி எழுதுக. நிலப்படமாயின், எந்த ஊருக்கு எத்திசையில் எந்த ஆறு என்று சொல்லுக. இவை எளிய செயல்கள். செலவு மிகக் குறைவு.

இதனால் உங்கள் இல்லத்திற்கும் ஒரு நன்மை உண்டு. பிற மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளிற் பலர் தமிழைப் பேசுவர். கேட்டால் பொருள் கொள்வர். எழுத்துக் கூட்டிப் படிக்க அறியார். பள்ளியில் அவர்கள் கன்னடமோ இந்தியோ மராத்தியோ மலையாளமோ கற்கிறார்கள். எல்லையூர்களில் நாங்களும் இதனை நாள்தோறும் காண்கிறோம். பாட்டனார்க்குக் கண் மங்கிவிட்டது. பேரனுக்கு எழுத்துத் தெரியாது. தமிழ் நூல் இருவர்க்கும் எட்டவில்லை. அதே நூல் பேசத் தொடங்கினால் இருவரும் அருகிருந்து கேட்கலாம். ஒலிக்கும் சொல் திரையில் ஒளிபெறுமாயின், பேரன் கேட்டுக்கொண்டே எழுத்தையும் அடையாளம் காணத் தொடங்குவான்.

2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பார்வைக் குறையுடையோர் ஐம்பது இலட்சம் பேர். முதுமையால் கண் மங்குவோரையும், கைத்தளர்ச்சியால் நூலைத் தாங்க இயலாதாரையும் எண்ணினால் தொகை இன்னும் பெருகும். நெடுங்காலம் வாழ்ந்தால் நம்மில் பலரும் அத்தொகையில் சேர வேண்டியவர்களே. ஆகையால் இப்பணி பிறர்க்கு இரங்கிச் செய்யும் உதவி அன்று. நமக்கு நாமே அமைத்துக்கொள்ளும் வழி.

ஒரு நூலை அழியாமல் காத்தால் பாதிப் பணி முடிந்தது. வேண்டியவர் கைக்கும் காதுக்கும் அது சென்று சேரும்போதுதான் மற்றப் பாதி முடியும். முதற்பாதியை நம் மின்னூலகங்கள் செம்மையாகச் செய்துவருகின்றன. எஞ்சிய பாதி, ஒருவர்க்குப் பத்துப் பக்கம் என்னும் அளவில், நம் முன்னே காத்திருக்கிறது.